ஒரு கரடிக்கு ரெண்டு தொண்டை

அத்தாயிக்கு அருணா மேல் வயிற்றெரிச்சல் வந்தது நகையாலும் இல்லை, நிலத்தாலும் இல்லை. ஒரு கரடியால் வந்தது. அதுவும் காட்டில் திரிகிற கரடி இல்லை, படத்தில் வரைந்த பொம்மைக் கரடி.

இரண்டு பேரும் ஓரகத்திகள். அண்ணன் செங்கோடனுக்கு வாக்கப்பட்டவள் அத்தாயி, தம்பி தமிழ்செல்வனுக்கு வாக்கப்பட்டவள் அருணா. கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. அதில் திருப்புலி நாட்டில் இவர்களுக்கு ஒரே வாசல். இந்தப் பக்கம் அண்ணன் வீடு, அந்தப் பக்கம் தம்பி வீடு, நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய். அருணா கல்யாணமாகி வந்து இறங்கினபோது ஆரத்தி சுற்றி உள்ளே அழைத்தவளே அத்தாயிதான். அருணாவுக்குத் தலைப்பிரசவம் ஆனபோது பத்தியச் சோறு ஆக்கிப் போட்டவளும் அவள்தான். அதனால் அவர்களுக்குள் பகை என்று யாரும் சொல்ல முடியாது. கரடி வருகிற வரைக்கும்.

அத்தாயியின் தொண்டை அவள் அப்பன் வீட்டுச் சொத்து. அப்பனோடு கூடப் பிறந்த அத்தைகள் மூன்று பேர். மூத்தவளைப் புளியஞ்சோலைப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள், நடுவுலவளைப் பக்கத்து நாட்டுக்கு, கடைசி அத்தை மட்டும் சொந்த ஊரிலேயே அக்கா மகனைக் கட்டிக்கொண்டாள். மூன்று பேரும் அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டால் ஒரு மலை தாண்டிக் கேட்கும். அது அப்படியே அத்தாயிக்கு இறங்கிவிட்டது. குச்சிக்கிழங்குக் காட்டில், அதாவது மரவள்ளிக் காட்டில், பன்றி இறங்கினால் மற்றவர்கள் தகரம் தட்டுவார்கள், பட்டாசு போடுவார்கள். அத்தாயி பரண் மேல் ஏறி நின்று ஒரு சத்தம் போடுவாள், அவ்வளவுதான். ஒருநாள் அவள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே பஸ் வளைவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்தே, "நிறுத்துங்கோ" என்றாள். டிரைவர் பிரேக் போட்டுவிட்டு, பின்னால் யாரோ சக்கரத்தில் மாட்டிக்கொண்டார்கள் என்று இறங்கி ஓடி வந்தார்.

அப்படிப்பட்டவள் இருக்கிற ஊருக்குச் சென்னையிலிருந்து பிரேம் வந்தான். கார்ட்டூன் படம் எடுக்கிறவன். கூடவே மைதிலி என்று ஒரு அம்மாள். ஐம்பது வயது இருக்கும், கண்ணாடி போட்டவள். தொலைக்காட்சியில் சின்னப் பையன்களுக்கெல்லாம் பேசுவது அவள்தானாம். "எங்க, பேசுங்க பாப்போம்" என்று யாரோ கேட்டதற்கு, "அம்மா, எனக்குத் தேன் வேணும், இப்பவே வேணும்" என்றாள். கூடியிருந்தவர்கள் எல்லோரும் அவள் முதுகுக்குப் பின்னால் குழந்தை நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் புறங்கையைக் கடித்துக் குட்டிக் கரடி கிழங்கு தின்கிற சத்தம் போட்டாள். நின்ற இடத்திலேயே குதித்துக் குதித்து ஓடுகிற மூச்சு வாங்கினாள்.

படத்தில் ஒரு தாய்க் கரடி, அதற்கு ஒரு குட்டி. குட்டிக்கு மைதிலியே பேசுகிறாள். தாய் மட்டும் மலைப் பேச்சுப் பேச வேண்டும், அதற்கு மலைக்காரப் பொம்பளைதான் வேண்டும் என்று பிரேம் பிடிவாதமாக இருந்தான்.

"முதல்ல குரல், அப்புறந்தான் படம்," என்றான். "நீங்க பேசும்போது மூஞ்சியையும் வீடியோ எடுப்போம். வரையறவங்க அதைப் பாத்துத்தான் கரடிக்கு வாய் வரைவாங்க, கண்ணு வரைவாங்க. நீங்க சிரிச்சா கரடி சிரிக்கும்."

குரல் என்றால் வேறு யாரைக் கேட்பார்கள்? ஊரே அத்தாயியைக் கை காட்டியது. செங்கோடன் பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டான். "இத்தன வருஷம் என் காது கிழிஞ்சதுக்கு இப்பத்தான் ஒரு நல்லது நடக்குது" என்றான். அத்தாயிக்கு ஆசை வந்துவிட்டது. அவள் குரல் இதுவரைக்கும் பன்றியை விரட்டியிருக்கிறது, மாட்டைத் திருப்பியிருக்கிறது. மலையடிவாரத்துக் காரவள்ளிக்குக் கீழே இருக்கிற ஊர்களில் அதை யார் கேட்டார்கள்? படம் என்றால் உலகமே கேட்கும். குரல் எடுத்துப் பார்க்கிற அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துத் தீபாவளிச் சேலையை எடுத்துக் கட்டினாள்.

மிளகு மூட்டை அடுக்கி வைக்கிற குடோன்தான் இடம். கெட்டிச் சுவர், சுற்றிலும் மூட்டை. பிரேம் கையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எதிரொலியே இல்ல, சென்னையில ரூம் கட்டினாக்கூட இப்படி வராது" என்றான். ஒரு கம்பியில் மைக்கை மாட்டி, காதுக்கு ஹெட்போன் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். வசனம் இரண்டே வரி. மழை பெய்கிறது, குகைக்குள் குட்டி பயப்படுகிறது, தாய் சொல்கிறாள்: "பயப்படாத சாமி. அம்மா இங்கதான இருக்கறேன்."

அத்தாயி மூச்சை இழுத்தாள். "பயப்படாத சாமீ!" என்றாள்.

பிரேம் ஹெட்போனைப் பிய்த்து எறிந்துவிட்டு எழுந்து நின்றான். வெளியே கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

"அம்மா," என்றான் காதைத் தேய்த்துக்கொண்டே, "குட்டி அடுத்த மலையில இல்லீங்கம்மா. உங்க மடியில இருக்கு."

"மடியில இருந்தா என்னத்துக்குங்க பேசோணும்? முதுகுல ரெண்டு தட்டுத் தட்டுனா தூங்கிக்காதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தாயியும் சிரித்தாள். ஆனால் அடுத்த தடவையும் அப்படியேதான் வந்தது, அதற்கு அடுத்த தடவையும். மைதிலி பக்கத்தில் வந்து தோளைப் பிடித்துக்கொண்டு, "மைக்கை மைக்குன்னு நினைக்காதீங்க, அதுதான் குட்டியோட காது" என்று சொல்லிக்கொடுத்தாள். அத்தாயி அடக்கிப் பேசினாள். குரலை அமுக்கினால் அது குரலாகவே இல்லை. திருடிவிட்டு மறைக்கிறவள் பேசுகிற மாதிரி கரகரவென்று வந்தது. அவள் என்ன செய்வாள்? சின்ன வயசிலிருந்து காட்டில் நின்றே பேசிப் பழகியவள். பக்கத்தில் இருக்கிறவர்களிடம் அவள் பேசுவதே இல்லை, வேலைதான் செய்வாள்.

அந்த நேரம் பார்த்து அருணா டீ கொண்டு வந்தாள். அவள் அங்கன்வாடியில் உதவிக்கு இருப்பவள். மத்தியானம் முழுக்கப் பிள்ளைகளை வரிசையாகப் படுக்கவைத்துத் தூங்கப்பண்ணுகிறது அவள் பாடு. பிரேம் மைக்கைச் சரிபார்க்க வேண்டும் என்று, "அக்கா, நீங்க கொஞ்சம் நின்னு அந்த ரெண்டு வரியைச் சொல்லுங்க, சும்மாதான்" என்றான். அருணா டீ கிளாஸ் ஒன்றை அத்தாயி கையில் கொடுத்துவிட்டுப் போய் நின்றாள்.

"பயப்படாத சாமி. அம்மா இங்கதான இருக்கறேன்."

சொல்லும்போதே தலை லேசாகச் சாய்ந்தது, கை தானாக யாரையோ தட்டியது. மைதிலி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். பிரேம் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். "இன்னொரு தடவை" என்றான். அந்த இன்னொரு தடவையில், அருணா 'சாமி' என்று சொல்லி முடிப்பதற்குள் அத்தாயி குடோன் அதிரத் தும்மினாள். மிளகு நெடி என்றாள். மிளகுதான் என்று இன்றைக்கும் சொல்கிறாள். ஆனால் மூன்றாவது தடவைக்கு அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

கையில் டீ கிளாஸோடு வெளியே நின்றவளுக்கு உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. கதவு திறந்தபோது அருணாவின் முகத்தைப் பார்த்தாள், புரிந்துபோயிற்று.

அன்றைக்குப் பிடித்தது வயிற்றெரிச்சல். சோறு இறங்கவில்லை. படுத்தால் அந்த இரண்டு வரி காதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. "அவ சேலையப் பாத்தீங்களா," என்று செங்கோடனிடம் சொன்னாள், "டீ கொண்டுபோறவ எதுக்கு ஜரிகை போட்டுட்டு வரோணும்? நெனச்சுட்டுத்தான் வந்திருக்கறா."

"அவ அங்கன்வாடிச் சேலதான புள்ள கட்டியிருந்தா? ஜரிகை நீயில்ல போட்டிருந்த?"

"உங்களுக்குத் தம்பி பொண்டாட்டின்னா கண்ணு நல்லாத் தெரியும்."

அதற்கப்புறம் செங்கோடன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கரடிக்குப் பேச அருணா பஸ் ஏறிச் சென்னைக்குப் போய்வந்தாள். போகிற அன்றைக்கு, "அக்கா, போயிட்டு வாரேனுங்க" என்று வாசலில் நின்று சொன்னாள். பெரியவள் முன்னால் வந்து நின்று வழியனுப்புவதுதான் அந்த வீட்டு வழக்கம். அத்தாயி உள்ளேயே இருந்து அம்மியை அரைத்தாள். அம்மியில் ஒன்றும் இல்லை, வெறும் கல்லைத்தான் அரைத்தாள்.

திரும்பி வந்த அருணா வேறு அருணாவாக இருந்தாள், அத்தாயி கண்ணுக்கு. கழுத்தில் துண்டு சுற்றிக்கொள்கிறாள். பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை, சுடுதண்ணீர்தானாம். மோர் வேண்டாமாம். குழாயடியில் நாலு பொம்பளைகள் சேர்ந்தால், குரல் எடுக்கிற ரூமில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் உட்கார்ந்திருப்பதையும், கரடி மூச்சு வாங்குவதற்கு மட்டும் அரை நாள் ஆனதையும் சொல்லுவாள். "அழுகிறப்ப நெசமா அழுதறக்கூடாதுங்கக்கா, மூக்கு அடைச்சுக்கும், பேச்சு கெட்டுப்போயிரும். அழுகை தொண்டை வரைக்கும் வரோணும், அதோட நிறுத்திப்போடோணும்." பொம்பளைகள் ஆவென்று கேட்பார்கள். பிள்ளைகள் அவளைக் 'கரடியம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தன. அத்தாயி குடத்தை நங்கென்று வைத்துவிட்டு, "கரடி குடம் நெறஞ்சு வழியுது, ஆராச்சும் எடுங்கோ" என்பாள்.

ஒருநாள் செங்கோடன் மாட்டுக் கொட்டாயில் குசுகுசுவென்று பேச்சு கேட்டு எட்டிப் பார்த்தான். அத்தாயி கன்றுக்குட்டியின் காதோடு வாயை வைத்து, "பயப்படாத சாமி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள, கன்னுக்கு மேலுக்குச் சொகமில்லையா?"

"சும்மா போங்க."

"இல்ல, காதுல ரகசியம் சொல்றயே, எங்கிட்டச் சொல்லக்கூடாததா என்னமோன்னு கேட்டேன்."

அத்தாயி சாணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு அவனைத் தாண்டிப் போனாள். கன்று அவள் பேசினதற்கு ஒரு காதைக்கூட அசைக்கவில்லை. அது அவளுக்கு இன்னும் எரிச்சல்.

அதைவிடப் பெரிய எரிச்சல் அப்புறம்தான் வந்தது. அருணா போனில் ஒரு துண்டு படம் வந்தது, எல்லோருக்கும் காட்டினாள். வெறும் கோட்டால் வரைந்திருந்த கரடி. அது தலையைச் சாய்த்தது. கீழுதட்டை உள்ளே மடித்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தது. மயிர் முளைத்த மூஞ்சிதான், மூக்குக் கறுப்புதான், ஆனால் பார்த்தவுடன், "அய்யோ, இது நம்ம அருணாதான!" என்று எல்லோரும் கத்தினார்கள். அத்தாயிக்கும் தெரிந்தது. அருணாவேதான். குரல் போனது போகட்டும் என்று கொஞ்சம் மனசைத் தேற்றி வைத்திருந்தாள். இப்போது மூஞ்சியும் அவளுடையது. கொல்லிமலையில் கரடி இருக்கிற வரைக்கும் அது அருணா மூஞ்சியோடு திரியும் என்று அவளுக்குத் தோன்றியது. அதோடு அருணாவிடம் பேச்சை நிறுத்தினாள். தமிழ்செல்வன் வந்து, "அண்ணி, என்னங்க கோவம்?" என்று கேட்டுப் பார்த்தான். "எனக்கென்ன கண்ணு கோவம், எனக்குத்தான் மெதுவாப் பேச வராதே, அதான் பேசறதில்ல" என்றாள்.

மிளகு பறிக்கிற மாதம் பிரேம் மறுபடியும் வந்தான். படத்தில் ஒரு இடம் பாக்கி. குட்டி தேன் வாசத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த மலைக்குப் போய்விடுகிறது. தாய் பாறை மேல் ஏறி நின்று கூப்பிடுகிறாள். சென்னை ரூமில் அருணா கூப்பிட்டது எடுபடவில்லையாம். இங்கே வந்து நிஜமான பாறையில் நின்று, எதிர் மலை பதில் சொல்கிற மாதிரி கூப்பிட்டால் சரியாகும் என்று நினைத்தான். அருணா பாறை மேல் நின்று குட்டியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குரல் பாறை விளிம்பு வரைக்கும் போய் விழுந்துவிட்டது. திரும்பத் திரும்பக் கத்தியதில் சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிக்கொண்டு பேச்சே வரவில்லை.

மறுநாள் காலையில் அத்தாயி குச்சிக்கிழங்குக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். வரப்பில் அருணா வந்து நின்றாள். கழுத்தில் துண்டு. அத்தாயி நிமிரவில்லை.

"அக்கா." உடைந்த குரல்.

அத்தாயி அடுத்த களையை வெட்டினாள்.

"அவுங்க உங்களக் கூட்டியாரச் சொன்னாங்க. கூப்பிடற எடம் மட்டும் நீங்க கூப்பிடோணுமாம்."

களைக்கொத்து நின்றது. "ஓ. பேசறதுக்கு நீ, கத்தறதுக்கு நானா?"

"ஆமாங்க."

"நீயே போய்க் கேளுன்னு சொன்னாங்களா, இல்ல நீயா வந்தியா?"

"அவுங்கதான் அனுப்புனாங்க. எனக்கு இஷ்டமில்லீங்க." அருணா துண்டை இறுக்கிக்கொண்டாள். "அது என்ர கரடிங்கக்கா. மொதல்லருந்து கடைசி வரைக்கும் நான் பேசியிருக்கறேன். ஒரு கரடிக்கு எதுக்கு ரெண்டு தொண்டை? நேத்துப் பூராவும் கத்திப் பாத்தேன், வரல. வந்திருந்தா உங்ககிட்ட வந்து நின்னிருக்க மாட்டேன்."

அத்தாயி அப்போதுதான் நிமிர்ந்து அவளை நன்றாகப் பார்த்தாள். அக்கா, தயவு பண்ணுங்க என்று வந்திருந்தால், குடும்ப மானம் என்று கெஞ்சியிருந்தால், போடி என்று சொல்லிவிட்டுக் களை வெட்டியிருப்பாள். அதற்கான வார்த்தையெல்லாம் ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தாள்.

"உனக்குத் துளிகூட இஷ்டமில்லையா?"

"இல்லீங்க."

"அப்பச் செரி," என்று களைக்கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டாள். "வாரேன்."

பாறை மேல் நிற்கும்போது ஒரு சிக்கல் வந்தது. குட்டியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடச் சொன்னான் பிரேம். அத்தாயி யோசித்தாள். பெயர் சொல்லி எட்டத்தில் இருக்கிறவரைக் கூப்பிட்ட பழக்கமே அவளுக்கு இல்லை. காட்டில் எட்டத்தில் இருப்பவன் எப்போதும் புருஷன். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது. அதனால் அவள் கூப்பாட்டில் பெயரே கிடையாது. அடிவயிற்றிலிருந்து 'ஓ' என்று எழும்பி, மேலே போய் மடங்கி, இறங்குகிற ஒரு இழுப்பு மட்டும்தான். அது ஒன்றுதான் அவளுக்கு வரும்.

"அப்படியே கூப்பிடுங்கம்மா, பேரு வேண்டாம்," என்றான் பிரேம். மைக்கை எதிர்ச் சரிவில் கொண்டுபோய் வைத்துவிட்டான். ஒரு ஆள் அவள் மூஞ்சிக்கு நேராகக் கேமராவைப் பிடித்தான். அத்தாயி அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். வாய் பெரிதாகத் திறக்கிற மாதிரி நின்றாள். வரையட்டும், நன்றாகப் பார்த்து வரையட்டும்.

கூப்பிட்டாள். எதிர் மலை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. அது அடங்குவதற்குள் ஓடைக்கு அந்தப் பக்கம் மிளகுக் கொடியிலிருந்து ஒரு ஆண் குரல், "வாரேன், வாரேன், என்ன ஆச்சு?" என்று கத்தியது. செங்கோடன் ஏணியிலிருந்து இறங்கி ஓடி வந்துகொண்டிருந்தான். பிரேம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தமிழ்செல்வன் ஓடிப்போய் அண்ணனைப் பிடித்து உட்காரவைத்து அவன் வாயைப் பொத்திய பிறகுதான் அடுத்தது எடுக்க முடிந்தது. அருணா மட்டும் சிரிக்கவில்லை. பாறைக்குக் கீழே நின்று துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்து, ஊருக்கென்று பள்ளிக்கூடத்தில் போட்டுக் காட்டினார்கள். பகல் வேளைதான். ஜன்னலுக்கெல்லாம் கம்பளியைத் தொங்கவிட்டு இருட்டாக்கியிருந்தார்கள். ஓரகத்திகள் இரண்டு பேரையும் முன்னால் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள்.

குகையில் மழை பெய்தது. "பயப்படாத சாமி" என்றது கரடி. பின்னால் பொம்பளைகள் மூக்கை உறிஞ்சினார்கள். இதற்கு அழுவதற்கு என்ன இருக்கிறது என்று அத்தாயிக்கு வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றோடேயே, சொல்லக் கூடாது, அவளும் சேலைத் தலைப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். அதுவும் அருணாவால்தானே என்று மறுபடி எரிந்தது. அவள் காத்திருந்தது ஒரே இடத்துக்கு. தன் வாய், தன் மூஞ்சி, கரடி மேல் எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும்.

அந்த இடம் வந்தது. ஆனால் திரையில் தாய்க் கரடி இல்லை. குட்டிதான் இருந்தது. எட்டத்து மலையில், தேனை நக்கிக்கொண்டு, தனியாக. அத்தாயிக்குத் திக்கென்றது. என் மூஞ்சி எங்கே? இத்தனை பெரிசாக வாயைத் திறந்து காட்டினேனே, எங்கே?

அப்போது எங்கேயோ ரொம்பத் தூரத்திலிருந்து அந்தக் கூப்பாடு வந்தது. மெல்லிசாக, மலை தாண்டி, காற்றோடு. குட்டியின் காது நிமிர்ந்தது. நக்குவதை விட்டது. மறுபடி வந்தது. குட்டி தேனடையைக் கீழே போட்டுவிட்டு, உருண்டு புரண்டு ஓட ஆரம்பித்தது.

யாரும் அழவில்லை. அந்த இருட்டில் அத்தனை தலையும் திரையை விட்டுவிட்டு முன் பெஞ்சுக்குத் திரும்பியதை அத்தாயி முதுகால் உணர்ந்தாள். "அத்தாயி," என்று யாரோ சின்னதாகச் சொன்னார்கள். "ஆமா, அத்தாயி."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூஞ்சி வராத ஆத்திரம் போகவில்லை. அது வேறு கணக்கு, பிரேமோடு அப்புறம் பேசிக்கொள்ளலாம். பக்கத்தில் திரும்பி அருணாவைப் பார்த்தாள். திரை வெளிச்சத்தில் அருணாவின் கீழுதடு உள்ளே மடிந்திருந்தது.

"அந்த எடத்துல எனக்குப் பேச்சு இருந்துச்சு," என்றாள் அருணா, யாரிடம் என்றில்லாமல். "கூப்பிட்டுட்டு நின்னு கொஞ்ச நேரம் பேசுவேன். அரை நாள் பேசுனேன் அதை. பூராவும் வெட்டிப்போட்டாங்க. கூப்பிடறது மட்டும் போதும்னு உட்டுட்டாங்க போல."

"அப்பிடியா கண்ணு," என்றாள் அத்தாயி. அவளுக்கே ஆச்சரியம், அந்த வார்த்தை அவ்வளவு மெதுவாக வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் குழாயடியில் அருணா முகத்தைத் திருப்பிக்கொண்டு குடத்தை நங்கென்று வைத்தாள். தண்ணீர் பிடித்தாள். ஒரு வார்த்தை இல்லாமல் போனாள். அடுத்த நாளும் அப்படியே. செங்கோடனுக்கு ஒன்றும் புரியவில்லை. "இப்பத்தான் நீ அவகூடப் பேச ஆரம்பிச்ச, அதுக்குள்ள அவளுக்கு என்ன புள்ள வந்துச்சு?" என்று கேட்டான்.

அத்தாயி வயிறாரச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அருணாவுக்கு என்ன வந்திருக்கிறது என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? இப்போது சோறு இறங்காது. படுத்தால் அந்தக் கூப்பாடு காதில் வந்து உட்கார்ந்துகொள்ளும். யார் என்ன நல்லது சொன்னாலும் குத்தும். இது சட்டென்று ஆறாது.

"உடுங்க, தானா வருவா," என்றாள். "அவசரமொண்ணுமில்ல." இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டாள்.